சாவியைத் திருப்பியதும் கேட்கும் சத்தம்: பழைய கார் எஞ்சினுக்குள் ஓர் இயற்பியல் பாடம்

மாணவர்களே, நம் வீட்டு வாசலில் நிற்கும் பழைய காரும் ஓர் ஆய்வுக்கூடம்தான். 1985 ஜூலை 9-ஆம் நாள் புரோட்டோன் சாகா அறிமுகமானது. ஷா ஆலமில் தயாரான முதல் சாகா இன்று கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தின் சொத்து. 1994-இல் பெரோடுவா கஞ்சில் வந்தது. அதன் தயாரிப்பு 2009-இல் நின்றது. ஆனாலும் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளின் கீழேயும் கிள்ளான் தாமான்களிலும் இந்தக் கார்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. தாத்தாவை மருத்துவமனைக்குக் கூட்டிப் போவதும், அம்மாவைக் காலையில் வேலைக்குக் கொண்டு சேர்ப்பதும் பல வீடுகளில் இந்தக் கார்தான்.

அப்படிப்பட்ட கார் ஒருநாள் காலையில் ‘டக் டக்’ என்றோ ‘கீச்’ என்றோ சத்தம் போட்டால் வீட்டில் எல்லாருக்கும் கவலை. ஒருவர் ‘பேட்டரி’ என்பார், இன்னொருவர் ‘எஞ்சினே போய்விட்டது’ என்பார். ஊகித்து ஊகித்துப் பாகங்களை மாற்றினால் பணம்தான் கரையும். அலட்சியமாக விட்டால், சில ரிங்கிட்டில் முடிய வேண்டிய வேலை எஞ்சினையே பலி வாங்கிவிடும். எந்தச் சத்தம் பொறுக்கலாம், எந்தச் சத்தத்துக்கு உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும் என்று பிரித்தறிய, நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலே போதும்.

முதலில் பாதுகாப்பு

எஞ்சின் ஓடும்போது சத்தம் கேட்கப் பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். கியர் நியூட்ரலிலோ ‘பி’ நிலையிலோ இருக்கட்டும், கைப்பிரேக்கைப் போட்டுவிடுங்கள். நீண்ட கூந்தல், துப்பட்டா, கழுத்துப்பட்டை எதுவும் தொங்கக்கூடாது. சுழலும் பெல்ட்டும் விசிறியும் அவற்றை இழுத்துவிடும். மின்விசிறி பொருத்திய கார்களில், சூடேறியதும் விசிறி தானாகவே சுழலத் தொடங்கும்.

மூடிய கராஜில் எஞ்சினை ஓடவிடவே கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் பிணைகிறது. தலை சுற்றும்போதுதான் தெரியவரும். அதற்குள் காலம் கடந்திருக்கலாம்.

காலையில் மட்டும் ஏன் சத்தம்?

இரண்டு காரணங்கள் உண்டு: ஒன்று எண்ணெய், மற்றொன்று வெப்ப விரிவு.

பட்டறையில் ‘மிஞாக் ஹித்தாம்’ என்பார்களே, அந்த எஞ்சின் எண்ணெய் இரவு முழுவதும் கீழே வடிந்து, அடித்தட்டில் தேங்கிவிடும். கிராங்க் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்கிற்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். ஓடும்போது அந்த இடைவெளியை எண்ணெய்ப் படலம் நிரப்பியிருக்கும். உலோகம் உலோகத்தைத் தொடாது. சாவியைத் திருப்பிய கணத்தில் எண்ணெய் அழுத்தம் சுழியம். பம்பு சுழன்று எண்ணெயை மேலே ஏற்ற ஓரிரு விநாடி ஆகும். அந்த ஓரிரு விநாடியில் தளர்ந்த பாகங்கள் ஒன்றையொன்று தட்டுகின்றன.

எண்ணெயின் பிசுபிசுப்பும் இதில் பங்கு கொள்கிறது. 15டபிள்யூ-40 வகை எண்ணெய், 100 டிகிரி செல்சியஸில் இருப்பதைவிட 40 டிகிரியில் ஏறக்குறைய 7 மடங்கு பிசுபிசுப்பாக இருக்கும். நம் ஊரில் விடியற்காலை 24 டிகிரி என்றால் இன்னும் அதிகம். டப்பாவில் உள்ள ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னுள்ள எண் குளிரில் எண்ணெய் நடந்துகொள்ளும் விதத்தையும், பின்னுள்ள எண் 100 டிகிரியில் அதன் பிசுபிசுப்பையும் காட்டும் தர எண்கள்.

இனி வெப்ப விரிவு. பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. பழைய எஞ்சின்கள் பலவற்றில் சிலிண்டர் வார்ப்பிரும்பு. 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனையும் சிலிண்டரையும் 100 டிகிரி சூடாக்கினால் என்ன ஆகும்? அலுமினியக் கலவை ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர் விரியும். வார்ப்பிரும்பு ஏறக்குறைய 0.08 மில்லிமீட்டர்தான். வித்தியாசம் 0.07 மில்லிமீட்டர், அதாவது ஒரு தலைமுடியின் பருமன். சூடான பிஸ்டன் சிக்கிக்கொள்ளாமல் இருக்க, குளிர்ந்த நிலையில் கொஞ்சம் இடைவெளி விட்டே எஞ்சினைச் செய்கிறார்கள். தேய்ந்த எஞ்சினில் அந்த இடைவெளி பெரிதாகி, காலையில் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதும். மந்தமான அந்தத் தட்டல் சில நிமிடங்களில் எஞ்சின் சூடேறியதும் அடங்கிவிடும்.

காதுக்கு மூன்று கேள்விகள்

எந்தச் சத்தமானாலும் இந்த மூன்றையும் கேளுங்கள்.

1. எப்போது தொடங்கி, எப்போது முடிகிறது? சாவியைத் திருப்பும்போதா, எஞ்சின் பற்றிய முதல் மூன்று விநாடியிலா, முதல் சில நிமிடங்களிலா, அல்லது முடியவே இல்லையா?

2. எஞ்சின் வேகம் கூடினால் சத்தமும் வேகமாகிறதா?

3. எதை மாற்றினால் சத்தம் மாறுகிறது? விளக்கைப் போட்டால், ஏர்கோனை நிறுத்தினால், மழை பெய்த மறுநாள் என்றால்?

மூன்றாவது கேள்வி மிக முக்கியம். ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றிப் பார்ப்பது நீங்கள் அறிவியல் செயற்பாங்குத் திறனில் படித்ததுதானே!

சாவியைத் திருப்பும்போது: ‘டிக் டிக் டிக்’

எஞ்சின் சுழலாமல், வேகமாக ‘டிக் டிக் டிக்’ என்று மட்டும் கேட்டால் பேட்டரிப் பக்கம் பாருங்கள். படிவம் 5 இயற்பியலில் வரும் மின்னியக்கு விசையும் உள்தடையும் இங்கே நேரடியாக வேலை செய்கின்றன.

நல்ல பேட்டரியின் மின்னியக்கு விசை 12.6 வோல்ட், உள்தடை 0.01 ஓம் எனக் கொள்வோம். ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுத்தால் உள்ளேயே இழக்கப்படும் மின்னழுத்தம் 150 பெருக்கல் 0.01, அதாவது 1.5 வோல்ட். வெளியே 11.1 வோல்ட் கிடைக்கும், எஞ்சின் சுழலும். பேட்டரி பழசாகி உள்தடை 0.03 ஓம் ஆனால், அதே மின்னோட்டத்துக்கு இழப்பு 4.5 வோல்ட். மிஞ்சுவது 8.1 வோல்ட்தான். ஸ்டார்ட்டரின் மின்காந்தச் சுவிட்ச், முதலில் இழுத்துக்கொள்ளும். மோட்டாருக்கு மின்சாரம் போனதும் மின்னழுத்தம் சரியும். சுவிட்ச் பிடியை விடும். விட்டதும் மின்னழுத்தம் மீளும், மறுபடி இழுக்கும். இந்த இழுப்பும் விடுப்பும்தான் ‘டிக் டிக்’.

உடனே புதுப் பேட்டரி வாங்க ஓட வேண்டாம். பேட்டரி முனைகளில் வெள்ளை அல்லது பச்சை நிறப் பொடி படிந்திருந்தால் அதுவும் தடைதான். எஞ்சினை அணைத்து, பெரியவர் ஒருவர் கையுறை அணிந்து, எதிர்முனையை முதலில் கழற்றி, இரு முனைகளையும் சுத்தம் செய்து, இறுக்கிப் பூட்டினால் பல நேரம் அதோடு சிக்கல் தீரும். தீராவிட்டால் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லலாம். நம் நாட்டு வெயில் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

‘கர்ர்ர்’ என்று அரைக்கும் சத்தம் வேறு. ஸ்டார்ட்டர் மோட்டாரின் சிறிய பற்சக்கரம், எஞ்சினின் பெரிய வளையப் பற்சக்கரத்தோடு சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள். மீண்டும் மீண்டும் முயன்றால் பற்கள் தேயும். சிறிய சக்கரத்தோடு போக வேண்டிய செலவு பெரிய சக்கரத்துக்கும் வந்துவிடும். இது பட்டறையில் பார்க்க வேண்டிய வேலை.

முதல் மூன்று விநாடி: ‘கட கட’

எஞ்சின் பற்றியதும் ‘கட கட’ என்று தொடங்கி இரண்டு மூன்று விநாடியில் அடங்கினால், எண்ணெய் மேலே வந்து சேரத் தாமதமாகிறது. காரைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து, எண்ணெய் அளவுக்கம்பியை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பாருங்கள். எண்ணெய் இரு குறிகளுக்கும் நடுவே இருக்க வேண்டும்.

அளவு சரியாக இருந்தும் சத்தம் வந்தால் எண்ணெய் வடிகட்டியைச் சந்தேகிக்கலாம். பல வடிகட்டிகளுக்குள் ஓர் இரப்பர் வால்வு உண்டு. இரவில் எண்ணெய் பின்னோக்கி வடிந்து போகாமல் தடுப்பதே அதன் வேலை. இரப்பர் இறுகிப்போனால் வடிகட்டி காலியாகிவிடும். காலையில் பம்பு முதலில் அதை நிரப்ப வேண்டும். நல்ல வடிகட்டி ஒன்றை மாற்றினால் போதும். கேம் தண்டைச் சங்கிலி சுழற்றும் எஞ்சின்களில், சங்கிலியை இறுக்கும் பாகமும் எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்வதாக இருந்தால், இதே மாதிரி சத்தம் வரும்.

‘கெட்டியான எண்ணெய் ஊற்று, சத்தம் போய்விடும்’ என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சூடான எஞ்சினில் தடித்த படலம் சத்தத்தை ஓரளவு மூடி மறைக்கலாம். ஆனால், காலையில் அதே எண்ணெய் மேலே ஏற இன்னும் தாமதமாகும். தொடக்கத் தேய்மானம் கூடும். கார்க் கையேட்டில் குறித்த வகையே முதல் தேர்வு.

இங்கே ஒரு கண்டிப்பான விதி உண்டு. எண்ணெய்ச் சாடி வடிவச் சிவப்பு விளக்கு, எஞ்சின் பற்றியதும் ஓரிரு விநாடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் எஞ்சினை உடனே நிறுத்துங்கள். ‘பட்டறை வரை மெதுவாக ஓட்டிப் போகலாம்’ என்பது எஞ்சினைக் கொல்லும் பேச்சு. எண்ணெய் அழுத்தம் இல்லாமல் ஓடும் சில நிமிடங்களே பேரிங்குகளை உருக்கப் போதும்.

முதல் சில நிமிடங்கள்: ‘டிக்… டிக்… டிக்’

இப்போது கொஞ்சம் கணக்கு. குளிர்ந்த எஞ்சின் நிமிடத்துக்கு 1200 சுற்று சுழல்கிறது என்போம். விநாடிக்கு 20 சுற்று. நான்கடிப்பு எஞ்சினில் கேம் தண்டு அதில் பாதி வேகத்தில் சுழலும். விநாடிக்கு 10 சுற்று. ஆகவே, ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 10 தடவை திறந்து மூடும். ஒரு வால்வு மட்டும் சத்தம் போட்டால் அதன் அதிர்வெண் 10 ஹெர்ட்ஸ். கிராங்க் தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வரும் சத்தமானால் 20 ஹெர்ட்ஸ்.

10 ஹெர்ட்ஸைக் காதால் எண்ண முடியாது. கைப்பேசியில் பதிவு செய்து, கால் பங்கு வேகத்தில் ஓடவிடுங்கள். இப்போது 10 விநாடியில் 25 ‘டிக்’ எண்ணினால் உண்மையான அதிர்வெண் 10 ஹெர்ட்ஸ். 50 எண்ணினால் 20 ஹெர்ட்ஸ். எஞ்சினைத் திறக்காமலேயே, சத்தம் வருவது பாதி வேகத்தில் இயங்கும் பக்கத்திலிருந்தா, முழு வேகத்தில் சுழலும் பக்கத்திலிருந்தா என்று ஒரு துப்புக் கிடைத்துவிட்டது!

பாதி வேக ‘டிக்’ சத்தத்துக்கு மூன்று வழக்கமான காரணங்கள் உண்டு. முதலாவது, வால்வு இடைவெளி பெரிதாகியிருப்பது. இதை மெக்கானிக் தகட்டு அளவியால் அளந்து சரிசெய்வார். இரண்டாவது, ஹைட்ராலிக் தூக்கிகள். சில எஞ்சின்களில் இந்தச் சிறிய பாகங்களுக்குள் எண்ணெய் நிறைந்து வால்வு இடைவெளியைத் தானாகவே நிரப்பும். திரவம் எளிதில் அமுங்காது என்பதால்தான் இது சாத்தியம். இரவில் எண்ணெய் வடிந்து காற்றுக் குமிழ் புகுந்தால், காற்று அமுங்கும், தூக்கி தளரும், ‘டிக்’ கேட்கும். எண்ணெய் நிரம்பியதும் நின்றுவிடும். நாள்பட்ட அழுக்கு எண்ணெயை மாற்றினாலே பல நேரம் சரியாகும்.

மூன்றாவது, பலரை ஏமாற்றுவது: புகைபோக்கிக் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் சிறு கசிவு. எரிந்த வாயு வெளியேறும் ஒவ்வொரு தடவையும் ‘டிக்’ என்னும். குழாய் சூடாகி விரிந்ததும் கசிவு அடைபட்டுச் சத்தம் நிற்கும். அந்த இணைப்பில் கரும்புகைப் படிவு இருக்கிறதா என்று எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்த்தால் தெரியும்.

சத்தம் எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிக்க மெக்கானிக்குகள் நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சினிலும், பிடியைக் காதோரத்திலும் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர். எஃகில் 5000 மீட்டருக்கும் மேல். அதைவிட முக்கியம், கம்பி வழியே வரும் ஒலி, காற்றில் போல நாலா பக்கமும் சிதறிப் போவதில்லை. 1816-இல் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டதும், அதிலிருந்து ஸ்டெதஸ்கோப் பிறந்ததும் இதே தத்துவத்தால்தான். இதை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம். பழகிய கைக்கு விட்டுவிடுங்கள்.

‘கீச்’: மழை நாள் சத்தம்

எஞ்சின் பற்றியதும் ‘கீச்’ என்று கத்தினால் பெரும்பாலும் பெல்ட்தான். ஸ்டார்ட்டர் செலவழித்த மின்சாரத்தை ஈடுகட்ட ஆல்டர்நேட்டர் அந்த நேரத்தில் அதிகமாக உழைக்கும். அதைச் சுழற்றப் பெல்ட்டுக்கு அதிக விசை தேவை. பெல்ட் தளர்ந்தோ, தேய்ந்தோ, மழையில் நனைந்தோ இருந்தால் உராய்வு போதாமல் வழுக்கும். ஒரு கணம் பிடிக்கும், மறுகணம் வழுக்கும். விநாடிக்குப் பல நூறு தடவைக்கு மேல் நடக்கும் இந்தப் பிடிப்பும் வழுக்கலும்தான் காதைத் துளைக்கும் ஒலி. வயலின் வில்லும் இதே வகையில்தான் நரம்பை அதிர வைக்கிறது.

சோதனை எளிது. சத்தம் ஓய்ந்ததும் முகப்பு விளக்கைப் போட்டு, ஏர்கோனையும் இயக்குங்கள். சத்தம் திரும்பினால் பெல்ட் வழுக்குகிறது. பெல்ட்டை இறுக்குவது, வெடிப்பு விட்டிருந்தால் மாற்றுவது இரண்டுமே சிறு வேலைகள். விட்டுவைத்து அறுந்தால் பேட்டரிக்கு மின்னேற்றம் நிற்கும். சில கார்களில் குளிர்நீர்ப் பம்பும் நின்று எஞ்சின் கொதித்துவிடும்.

சூடேறியும் நிற்காத ‘தொக் தொக்’

கீழிருந்து கேட்கும் கனத்த தட்டல், எஞ்சின் சூடேறிய பிறகும் நிற்காமல், வேகத்தைக் கூட்டும்போது இன்னும் உரக்கக் கேட்டால், இணைப்புத் தண்டின் பேரிங் தேய்ந்திருக்கலாம். அடங்கும் சத்தம் எச்சரிக்கை; அடங்காத இந்தச் சத்தம் ஆபத்து. காரை ஓட்டாமல், இழுவை வண்டியில் கொண்டு போவதே சிக்கனம்.

வெள்ளத்துக்குப் பின் சாவியைத் தொடாதீர்கள்

2021 டிசம்பரில் பெய்த தொடர்மழையில் கிள்ளான் பள்ளத்தாக்கு பெரும் வெள்ளத்தைச் சந்தித்தது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளோடு வாகனங்களும் மூழ்கின. நீர் வடிந்ததும் ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று சாவியைத் திருப்பத் தோன்றுவது இயல்பு. அந்த ஒரு திருப்பம் எஞ்சினை உடைக்கலாம்.

ஏன்? 1300 சிசி, நான்கு சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டரில் பிஸ்டன் தள்ளும் கொள்ளளவு 325 சிசி. அழுத்த விகிதம் 9-க்கு 1 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் 325 வகுத்தல் 8, ஏறக்குறைய 40 சிசிதான். அதாவது எட்டுத் தேக்கரண்டி. அதைவிட அதிகமாக நீர் உள்ளே இருந்தால் அதற்குப் போக்கிடம் இல்லை. காற்று அமுங்கும், நீர் அமுங்காது. ‘டொக்’ என்ற ஒரே சத்தம். எஞ்சின் அசையாமல் நின்றுவிடும். இணைப்புத் தண்டு வளைந்திருக்கக்கூடும். ஹைட்ராலிக் தூக்கியை இயங்க வைத்த அதே விதிதான் இங்கே எஞ்சினை முறிக்கிறது.

நீரில் மூழ்கிய காரில் முதலில் பேட்டரியைத் துண்டிக்க வேண்டும். பிறகு மெக்கானிக் தீப்பொறிச் செருகிகளைக் கழற்றி, சிலிண்டர்களிலுள்ள நீரை வெளியேற்றி, எண்ணெயையும் மாற்றுவார். அதற்குப் பிறகே எஞ்சினை இயக்கலாம்.

பட்டறைக்குப் போகும்முன்

ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொடுங்கள்: சத்தம் எப்போது தொடங்குகிறது, எத்தனை விநாடி நீடிக்கிறது, வேகத்தோடு மாறுகிறதா, முந்தின இரவு மழையா, எண்ணெய் அளவு என்ன, கடைசியாக எண்ணெய் மாற்றியது எப்போது. கைப்பேசிப் பதிவையும் காட்டுங்கள். பட்டறைக்குக் கார் போய்ச் சேரும்போது எஞ்சின் சூடாகிச் சத்தம் நின்றிருக்கும். இந்தக் குறிப்பில்லாமல் மெக்கானிக்கும் ஊகிக்கத்தான் வேண்டியிருக்கும். முடிந்தால் முதல் நாள் மாலையே காரை அங்கு விட்டு, காலையில் அவரையே சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். எளிய, செலவு குறைந்த காரணத்தை முதலில் சோதித்து, பிறகு பெரியதுக்குப் போகச் சொல்வதில் தவறில்லை.

நீங்களே கண்டுபிடியுங்கள்

1. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடித் திறந்தவெளியில் இரவு முழுவதும் மழையில் நின்ற கஞ்சில், உடனே பற்றுகிறது. 10 விநாடி ‘கீச்’. விளக்கைப் போட்டதும் மறுபடி ‘கீச்’.

2. கிள்ளானில் ஒரு சாகா. முதல் மூன்று நிமிடம் ‘டிக் டிக்’, பிறகு அமைதி. நிமிடத்துக்கு 1200 சுற்றில் அதிர்வெண் 10 ஹெர்ட்ஸ். எண்ணெய் அளவும் தரமும் சரி. புகைக்குழாய் இணைப்பில் கரும்படிவு.

3. சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு ‘டிக்’. எஞ்சின் சுழலவில்லை. முகப்பு விளக்கு மங்காமல் பிரகாசமாகவே எரிகிறது.

விடைகள்: முதலாவது, வழுக்கும் பெல்ட். இரண்டாவது, புகைக்குழாய் இணைப்பில் கசிவு; வால்வுக்கும் இதே 10 ஹெர்ட்ஸ் வரும் என்பதால், முடிவு செய்ய உதவியது கரும்படிவு. ஒரு சான்றை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதுவே உதாரணம். மூன்றாவது, விளக்கு மங்காததால் மோட்டாருக்குப் பெரிய மின்னோட்டம் போகவே இல்லை. எனவே குற்றவாளி பேட்டரி அல்ல, ஸ்டார்ட்டரின் சுவிட்ச் தொடுமுனையோ மோட்டாரோ. இங்கே புதுப் பேட்டரி வாங்கியிருந்தால் அந்தப் பணம் வீண்தானே?

நாளைக் காலை வீட்டுக் காரை அப்பாவோ அம்மாவோ இயக்கும்போது அருகில் நின்று கேளுங்கள். கார் நலமாக இருக்கும்போது எப்படிச் சத்தமிடுகிறது என்பதை இப்போதே பதிவு செய்து வையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கட்டுப்பாட்டு மாதிரி உங்களிடம் இருந்தால், மாற்றம் வரும் நாளில் வீட்டிலேயே அதை முதலில் கவனிப்பவர் நீங்களாக இருப்பீர்கள்.